வலது கை விரல்

பிப்ரவரி 2, 1982, செவ்வாய்

வார்டில் காலை டூட்டி. ஏழு மணிக்கே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹமீதா பானு, நாலு வயது. கடுமையான நிமோனியா, மூச்சு இழுக்கிறது, கண் சொருகுகிறது. பிள்ளையின் அப்பா சவூதியில். அம்மா ஜன்னத் பீவி கட்டிலைப் பிடித்தபடி நிற்கிறாள், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை 250! இத்தனூண்டு பிள்ளைக்கா? டாக்டர் இளையபெருமாள், “சர்க்கரை வியாதி இல்ல, சிஸ்டர் அம்சம். உசுருக்குப் போராடுற பிள்ளைங்களுக்கு இப்படி ஏறும், நோய் விட்டா தானா இறங்கும். பாத்துக்கிட்டே இருங்க” என்றார். நானூறைத் தாண்டி நின்றால் மட்டும் இன்சுலினாம்.

பிப்ரவரி 3, புதன்

240. 220. இறங்குகிறது.

அறுவடைக் கூலிக்காக ரோட்டில் மறியல். என் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். தஞ்சாவூர் பஸ் இல்லை, அதில் வரும் லேப் கோவிந்தராசுவும் வரவில்லை. இனி விரலில் குத்தி, ரத்தம் பட்ட ஸ்ட்ரிப்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு.

பிப்ரவரி 4, வியாழன்



பிள்ளைக்கு இடது கையில் சலைன். அதனால் வலது கை விரலில் குத்தினேன். ஸ்ட்ரிப் கருநீலம் — நானூறுக்கு மேல். அரை மணி கழித்தும் அதேதான். டாக்டர் சொன்னார், இன்சுலின் போட்டேன். நான்தான் போட்டேன்.

பதினொன்றரைக்கு உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கொட்டியது. பிறகு வலிப்பு. குத்திப் பார்த்தால் மறுபடியும் கருநீலம்! இன்னொரு ஊசி என்றார் டாக்டர். ஊசியில் மருந்தை இழுத்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. சர்க்கரை ஏறிய பிள்ளைக்கு ஏன் இப்படி வேர்க்கணும்? இறங்கினால்தானே வேர்க்கும்? விரலைத் தொட்டேன். பிசுபிசுத்தது.

“விரல்ல என்னக்கா தடவுனீங்க?”

“நாகூர் தர்கா சர்க்கரை, சிஸ்டர். பாத்திஹா ஓதினது. காலையிலேருந்து அவ விரலாலயே தொட்டு அவ உதட்டுல வைக்கிறேன்.”

கால் கட்டை விரலைத் தண்ணீரில் கழுவிக் குத்தினேன். நிறமே ஏறவில்லை — ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டம், காலையிலிருந்து ஸ்ட்ரிப் காட்டியது விரலில் ஒட்டிய சர்க்கரையை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! ஸ்பிரிட்ல தொடச்சா போதும்னு இருந்துட்டேனே. ஒரு சொம்புத் தண்ணிக்கு என்ன கேடு வந்துச்சு எனக்கு?

டாக்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். வலிப்பு நின்றது. கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 5, வெள்ளி

கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 6, சனி

காலையில் “ம்மா” என்றாள். பால் கேட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஜன்னத் பீவி வார்டு முழுக்க, தர்கா சர்க்கரைதான் பிள்ளையைக் காப்பாத்துச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடந்ததைச் சொல்லிவிடலாமா என்றேன் டாக்டரிடம். “பிள்ளை பொழச்சிருச்சுல்ல? எதுக்கு வம்பு?” என்றார். அவருக்கென்ன, ஊசி போட்ட கை என்னுடையது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இருக்க முடியுமா?

பிப்ரவரி 12, வெள்ளி

இன்று டிஸ்சார்ஜ். வாசல்படியில் வைத்துச் சொல்லிவிட்டேன். “ஒங்க மேல தப்பில்லக்கா. விரலைக் கழுவாம பாத்தது நான். வேண்டாத மருந்தைப் போட்டதும் நான். அதுலதான் வலிப்பு வந்துச்சு.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். திட்டட்டும் என்று நின்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.

ரோடு வரைக்கும் போனவள் நின்றாள். வெறுங்காலைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி நேரே என்னிடம் வந்தாள்.

“செருப்ப உள்ளேயே விட்டுட்டேன். இவளக் கொஞ்சம் புடிங்க சிஸ்டர்” என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.