அம்மாவின் வண்டிக்கு எத்தனை சுற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முட்டியை மட்டும் இன்னும் முழுச் சுகத்தில் சேர்க்க முடியாது, அதைப் பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் திருத்துவாள், நான் கதையை முடிப்பதற்குள் உன் சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிடும். அதனால்தான் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடி துடைக்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி என்ன ஆச்சு, நான் சொன்ன கன்வெர்ட்டர் போட்டீங்களா என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய், மூன்று தடவையும் நான் மழுப்பினேன். இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இன்ஜினுக்கு அடியில் படுத்து எழுந்தவள், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவள், வீட்டில் மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள் என்பதை அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை, ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், கிளட்ச் மட்டும் மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நீயும் அம்மாவும் மூன்று வருஷம் கழுத்து வலிக்கக் குனிந்து நின்று இன்ஜினைப் பிரித்து, அதிகச் சுற்றில்தான் பலம் காட்டும் கேம்ஷாஃப்ட் மாட்டி, ஆசை ஆசையாகக் கட்டிய கார்தான் அந்த வண்டி. வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாய் எடுத்து அதை மூடினாள். எட்டு மாதம் அது மூடியே கிடந்தது. சைலன்சர் சத்தத்துக்காக எத்தனை தடவை சண்டைக்கு வந்திருக்கிறார் மேல்மாடி வாத்தியார், அவரே ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "என்ன சார், சத்தத்தையே காணோம், கஷ்டமா இருக்கு" என்றார். நான் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். கிளட்ச்தானே ஆகாது, கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டிவிட்டால் என்ன என்று, கார் பற்றி ஒன்றும் தெரியாத நான் போய் விசாரித்தேன்.

கியர்பாக்ஸ் வேலை செய்பவர் ஒருவர் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். யார் அவசரப்படுத்தினாலும் "பொறுமை, பொறுமை" என்பார், அதனால் அவருக்குப் பெயரே பொறுமை என்று ஆகிவிட்டது. அவர்தான் எனக்கு விளக்கினார். கிளட்ச் இருக்கும் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்று உருண்டையாக ஒன்று வருமாம், அதற்குள் எண்ணெய், எண்ணெயின் வேகம்தான் இன்ஜினின் சுற்றைக் கியருக்குத் தள்ளும். இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால் அந்தக் காற்றில் இன்னொன்றும் சுற்றும் இல்லையா, அதுபோல என்றார். எங்கள் வீட்டில் மின்விசிறிப் பேச்சை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். வண்டி நகராமல் நிற்க, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று வரை ஏறி அதற்கு மேல் போக முடியாமல் நிற்குமோ, அதுதான் ஸ்டால் வேகம். அதைக் கம்மியாக வைத்தால் உங்கள் கேம்ஷாஃப்டுக்குப் பிடிக்காது, சிக்னலில் நிற்கும்போதே இன்ஜின் இருமி அணைந்துவிடும். ரொம்ப அதிகம் வைத்தால் இன்ஜின் கத்தும், வண்டி வராது, எண்ணெய் கொதிக்கும். வண்டியின் எடை, பின் அச்சின் பல் கணக்கு, டயர் உயரம், கேம் எத்தனை சுற்றில் விழித்துக்கொள்ளும் என்று நான்கு கேள்வி கேட்டார், நான் விழித்தேன், மறுநாள் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பொறுமை அவள் உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்தினார், "ஸ்டூல் வேண்டாம், நாற்காலி இருந்தா கொண்டாங்க" என்றாள். நான்கு கேள்விக்கும் பார்க்காமல் பதில் சொன்னாள். ஐந்தாவதாக, வண்டியை எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். பந்தயத் திடலில் என்றாள், கூசாமல்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள், டாக்டர் எழுதிய பவர் எதுவானாலும், சோதனை பிரேமைப் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்து திரும்பி வந்த பிறகுதான் நான் கண்ணாடி வெட்டுவேன், உனக்குத் தெரியும். பொறுமையிடமும் அதையே சொன்னேன், அவரும், அப்படியானால் பழைய கியர் இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டி எழுதுங்கள் என்றார். உன் மாமா ஓட்டினான், பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் நான் நோட்டுப் புத்தகத்தோடு. மருத்துவமனை, சந்தை, உன் சித்தி வீடு, வெளிவட்டச் சாலை. எந்த வேகத்தில் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதியே என் விரல் வீங்கியது. மாமா கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அம்மா பல்லைக் கடித்தாள், "அக்கா, ஓட்டுறது நானா நீயா?" என்று அவன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தியதும் உண்டு. எழுதியதைப் பார்த்தால் ஊருக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டுவதே அபூர்வம், வெளிவட்டச் சாலையில் இரண்டாயிரத்து எழுநூறு. மேல் கியரில் பழைய கியர்பாக்ஸுக்கும் புதுசுக்கும் கணக்கு ஒன்றுதான், அதனால் இரண்டாயிரத்து நானூறு போதும் என்றார் பொறுமை. கேம் விழித்துக்கொள்ளும் இடம் அது, வெளிவட்டச் சாலையில் போகும்போதும் அதற்கு மேலேயே இருப்பீர்கள், எண்ணெய் சூடாகாது.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. மூவாயிரத்து ஐநூறுக்கு ஒரு சுற்று குறையக் கூடாது, குறைத்தால் அது காய்கறி வண்டியாகிவிடும், அம்மா உடைந்துபோவாள் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்து மடித்து, மறுபடி பிரித்துப் படித்து, நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். என் நோட்டுக்குக் கண்ணாடிக்கடைக் கணக்கு என்று பெயர் வைத்தாள். ஒரு பந்தய வண்டியிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டர் பொறுமையிடம் இருந்தது. "உங்க வண்டி, நீங்க சொன்னா மாட்டுறேன். எண்ணெய்ச் சூடு காட்டுற மீட்டர் ஒண்ணையும் சேர்த்து மாட்டுறேன், அதையும் பார்த்துக்கோங்க" என்றார்.

புதுக் கியர்பாக்ஸும் அந்தக் கன்வெர்ட்டரும் மாட்டி முடித்ததும், எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் சிக்னலில் பச்சை விழுந்ததும் இன்ஜின் ஊரையே கூப்பிடுகிற மாதிரி கத்தியது, வண்டியோ யோசித்து யோசித்து நகர்ந்தது, பக்கத்தில் ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. இரண்டாவது சிக்னலிலும் அதே. மேம்பாலத்தில் நெரிசல், ஏற்றத்தில் வண்டி நகர்ந்து நின்று நகர்ந்து நின்று போனபோது மீட்டர் முள் சிவப்பைத் தொட்டது, கருகிய வாசனை வந்தது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். "கால் போனதோட எல்லாம் போச்சுன்னு நினைப்பாங்களேன்னு இருந்துச்சுங்க" என்றாள். யார் நினைப்பார்கள் என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழட்டிடலாம். அந்தக் கண்ணாடிக்கடைக் கணக்க எடுங்க" என்றாள்.

பாப்பா, இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அவள் விழுந்தபோது நீ பக்கத்தில் இல்லை என்று உனக்கு இருக்கும் உறுத்தல் எனக்குத் தெரியாமலில்லை, அந்த எண்ணை எழுதியபோது நீ அவளை முன்னே இருந்த மாதிரியே திருப்பிக் கொடுக்கப் பார்த்தாய். நானும் எட்டு மாதம் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். இப்போது இருக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அவளே பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். பலமான இன்ஜினில் மாட்டினால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைவிட ஸ்டால் மேலே ஏறும், எங்கள் இன்ஜினில் அந்த மூவாயிரத்து ஐநூறு கிட்டத்தட்ட நாலாயிரமாக இருந்திருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்குத் தகுந்த மாதிரி குறைத்துச் சொல்லி, புதிதாக ஒன்று வரவழைத்தார்கள், எண்ணெயைக் குளிரவைக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டரும் வைத்தார்கள். மாட்டி முடித்ததும் பொறுமை எங்களையெல்லாம் வண்டிக்கு முன்னாலிருந்து விலகச் சொன்னார், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை இறுக்கி மிதித்து, ஆக்சிலேட்டரை அழுத்தினார். இரண்டு நொடிதான், அதற்கு மேல் கூடாதாம். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தாள். "ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஐம்பது சுற்று எங்கே போச்சு என்று நான் கேட்டேன், என் கடையில் கால் பவர் வித்தியாசத்துக்கே ஆள் சண்டைக்கு வருவார்கள். பொறுமை சிரித்துவிட்டார், விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாக உன் அம்மாவும் சிரித்தாள்.

ஞாயிறு காலை வெளிவட்டச் சாலைக்குப் போனோம். ஊருக்குள் பூனை மாதிரி வந்தது வண்டி, சிக்னலில் குலுங்கவில்லை, பாலத்தில் எண்ணெய்ச் சூடு காட்டும் முள் பச்சையிலேயே இருந்தது. இடது காலை என்ன செய்வது என்றே தெரியவில்லை, விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றாள். காலியான நேர்ச்சாலையில் நிறுத்தி, என் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று கேட்பதற்குள் மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, என் வயிறு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. காய்கறி வண்டி இல்லை, பாப்பா, அதற்கு நான் சாட்சி.

மற்றபடி, மாமாவுக்கு வேலை உறுதியாகிவிட்டது, சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மேல்மாடி வாத்தியார் பழையபடி சண்டைக்கு வந்துவிட்டார், அம்மாவுக்கு அதில் பரம சந்தோஷம். உனக்குக் கண் பரிசோதித்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒத்திப் போடாதே, தலைவலி என்று எழுதியிருந்தாயே, மாத்திரை போடுவதற்கு முன் பவரைப் பார். குளிரில் காதை மூடிக்கொள். வேலையிடத்தில் யாரோ குத்திப் பேசுகிறார் என்றாயே, இரண்டு நாள் விட்டுப் பிறகு பதில் சொல், அப்போது பாதி கோபம் போயிருக்கும், மீதியை மட்டும் சொன்னால் போதும்.

நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் நினைப்பது அது ஒன்றைத்தான். ஒரே ஒரு விஷயம் மறந்துவிடாதே. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் இங்கே காலை பத்து மணிக்கு முன்னால் கூப்பிடு. பத்துக்கு மேல் அவள் வீட்டில் இருப்பதில்லை. எங்கே போகிறாய் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், "சும்மாதான்" என்கிறாள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா