முன்னூறு அடிப் பாட்டு

அண்ணை,

நேற்று பரந்தனில், வேலைத்தலத்தில் புதிதாக வந்த அசிற்றோன் போத்தலைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவன், "என்ன, தலை சுத்துதோ?" என்றான். "ஓம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தலை சுற்றவில்லை. படச்சுருள் ஒட்டும் பசைக்கும் அதே மணம்தான். அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

செத்தவருக்குக் கடிதம் எழுதுவதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அரைகுறையாக விட்ட வேலை ஒன்று ஒரு வருடமாகக் கிடக்கிறது. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

கொழும்பில் தொழில்நுட்பப் படிப்பை முடித்து, இந்த வேலைக்குக் கடிதம் வரும்வரை சும்மா இருக்கப் பொறுமையில்லாமல்தான் நான் படம் ஓட்ட வந்தேன். அக்கராயனில் வெறுமையாகக் கிடந்த நெற்களஞ்சியம், யன்னல்களை மறைக்கவும் சனம் இருக்கவும் சாக்கு, ஞாயிறு பகல் காட்சி. படம் தெலுங்கு. கணவனின் உயிரைக் கேட்டு யமனின் பின்னால் நடந்து போன பெண்ணின் புராணக் கதை. பாதிக்கு மேல் பாட்டு. சனத்துக்குப் பேச்சு விளங்காது என்பதால், திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல ஒருவர் வேண்டும் என்றார் முதலாளி. கிழமை முழுக்கக் குடியேற்றக் காணியில் வயல் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நீங்கள் வந்து நின்றீர்கள்.

"அண்ணைக்குத் தெலுங்கு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் தெரியாது. கதை தெரியும்தானே. யமன் எந்தப் பாஷையிலை வந்தாலும் யமன்தான்."

உங்கள் யமன் குடியேற்ற அதிகாரி மாதிரிக் கதைப்பார். "காணிப் பெர்மிட் இருக்கோ, பிள்ளை? விதானையாரின்ரை கடிதம் கொண்டந்தனியோ? அப்ப திங்கட்கிழமை வா" என்று மைக்கில் இழுப்பீர்கள். பெர்மிட்டுக்காகக் கந்தோர் படிகளில் காத்துக் காய்ந்த சனம் சாக்கில் உருண்டு சிரிக்கும். எனக்கு எரிச்சல் வரும். உங்கள் குரலுக்காக நான் படத்தின் சத்தத்தைக் குறைக்க வேண்டும், பிறகு கூட்ட வேண்டும்.

ஒரு பாட்டுக்கு மட்டும் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள். யமன் முன்னே போக, அவள் பின்னே பாடிக்கொண்டு போகும் பாட்டு. மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்துச் சுவரோடு போய் நிற்பீர்கள். முடிந்ததும் சனம், "இன்னொருக்கா விடுங்கோ" என்று கத்தும். நான் சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி விட வேண்டும். அந்தப் பிரதி போன ஊரெல்லாம் இதே வழக்கம். அதனால் மற்றச் சுருள்கள் ஓரளவு நன்றாக இருக்க, இந்தப் பாட்டில் மட்டும் இயந்திரத்தின் பற்கள் பிடிக்கிற ஓரத்துத் துளைகள் நார் நாராய்க் கிழிந்திருந்தன.

ஒருநாள் சாமான் ஏற்றும்போது, ஏன் அந்தப் பாட்டுக்குப் பேசுவதில்லை என்று கேட்டேன். வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

"நாங்கள் இஞ்சை வந்த முதல் வருசம். மனுசிக்குக் கடும் காய்ச்சல். அண்டைக்கு என்ரை வயலுக்குத் தண்ணி முறை. விட்டால் பயிர் போச்சு. அவளின்ரை தமையனை வண்டிலிலை ஏத்தி, ரெண்டு பேரையும் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு வாய்க்காலுக்குப் போனனான். பாதி வழியிலை அவளின்ரை மூச்சு முடிஞ்சுது. நான் பின்னாலை போகேல்லை, தம்பி. அந்தப் பாட்டிலை ஓரிடத்திலை அவா பாட்டை நிப்பாட்டுவா. சத்தமே இராது. யமன் திரும்பிப் பாப்பார். அதைப் பாக்கத்தான் நான் வாறது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழை வரும்போலை கிடக்கு, பெட்டியைத் தூக்குங்கோ" என்றேன்.

அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் படம் மூன்று தரம் அறுந்தது. "ஒப்பரேட்டர் நித்திரை போலை" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மறுகிழமை காட்சிக்கு முன் கத்தரிக்கோலை எடுத்தேன். பாட்டு முழுவதும் முன்னூறு அடி. வெட்டி எடுத்து, இரண்டு நுனியையும் சுரண்டிப் பசை தடவி ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை. வெட்டாமல் துளைகளுக்குத் துண்டு வைத்து ஒட்டியிருக்கலாம் என்ற யோசனை அப்போது வரவில்லை.

அன்றைக்குப் படம் அறுபடவில்லை. யமன் உயிரைக் கொண்டு போனார். அவள் ஓரடி எடுத்து வைத்தாள். உடனே கணவன் எழுந்து உட்கார்ந்தான். சனம் கை தட்டியது. நீங்கள் மைக்கை வைத்துவிட்டுச் சுவருக்குப் பாதி வழி போயிருந்தீர்கள். திரும்பி வந்து மைக்கை எடுத்து, "எழும்பிட்டார்" என்றீர்கள். அதற்குப் பிறகு முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

காட்சி விட்டதும் என்னிடம் வந்தீர்கள்.

"பாட்டு எங்கை, தம்பி?"

"ஓரம் கிழிஞ்சு போச்சு, வெட்டிட்டன். கதைக்கு அது தேவையில்லைத்தானே, அண்ணை."

கொஞ்சம் சிரித்தீர்கள். "அப்ப அவள் கேக்காமலே யமன் குடுத்திட்டார்." பிறகு, "துண்டை எறிஞ்சு போட்டீரோ?"

"இல்லை, கிடக்கு."

"வாற ஞாயிறு ஒருக்கா ஒட்டிப் போடுமன்."

"பாப்பம்" என்றேன். போகச் சொல்வதற்கு நான் பாவிக்கிற சொல் அது.

வந்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. சாக்கு விரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சொன்னாள்: "உங்களுக்குத் தெரியாதோ? புதன்கிழமை வாய்க்காலிலை பாம்பு கடிச்சது. வியாழக்கிழமை பிரேதம் எடுத்தாச்சு." முதலாளி படத்தை விடச் சொன்னார். விட்டேன். கதை சொல்ல ஆளில்லை. மைக் கதிரையில் கிடந்தது. ஒட்டிய இடம் வந்து, கணவன் எழுந்து உட்கார்ந்தபோது, ஸ்பீக்கரில் 'ம்' என்று ஒரு நீண்ட சத்தம் கேட்டது. எர்த் வயர் கழன்றால் அப்படித்தான் கேட்கும். போய்ப் பார்த்தேன், கழன்றுதான் இருந்தது. காரணம் தெரிந்தும் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. இப்போது பரந்தனில் மோட்டர் ஓடி நிற்கும்போதெல்லாம் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் வயரைப் பார்க்கிறேன்.

அந்தக் கிழமையே பிரதி திரும்பிப் போய்விட்டது. பாட்டு என்னிடம், ஒரு பிஸ்கற் தகரத்துக்குள். கிழிந்த துளைகளுக்கெல்லாம் துண்டு வைத்து ஒட்டி முடித்துவிட்டேன். ஓட்டிப் பார்க்க இயந்திரம் இல்லை.

நேற்று வேலை விட்டு வந்து அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாட்டின் சத்தம் படத்தின் ஓரத்தில் நெளிந்த கோடாகத்தான் இருக்கும். குரல் ஏறினால் கோடு அகலும், இறங்கினால் ஒடுங்கும். அடி அடியாக நகர்த்தினேன். ஓரிடத்தில் கோடு நெளியாமல் நேராகப் போனது. சத்தம் அதற்குரிய படத்துக்கு இருபது படக்கட்டம் முன்னால் பதிந்திருக்கும், ஆகவே இருபது கட்டம் தள்ளிப் பார்த்தேன். அவளுடைய வாய் மூடியிருந்தது. யமனின் கழுத்து, கட்டத்துக்குக் கட்டம், மெல்லத் திரும்பியது. அறுபது கட்டம் எண்ணினேன். ஓட்டினால் இரண்டரை செக்கன்.

இவ்வளவு நாளும் அந்த இடத்தில் நான் விளக்கையும் சுருளையும்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அண்ணை.

அந்தப் படம் இப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஒருவரும் கேட்காமலே அவன் எழுந்து உட்காருகிறான். கேட்டவள் என்னோடு இருக்கிறாள். தகரத்தை மூடிய பிறகும், யமன் திரும்பிப் பார்க்கிற அந்த இடத்தை இன்னும் பிடித்திருப்பது போலவே பெருவிரல் மடங்கியிருக்கிறது.