மலை இருந்த பக்கம்

கிமானா,
வியாழக்கிழமை, மத்தியானம்.

என் பாகிதெங்குக்கு,

இங்கே நலம். நீ நலமா, உன் வீட்டார் நலமா? அடுத்து மாடுகள் நலமா என்று கேட்பதுதான் முறை. உனக்குத்தான் மாடே இல்லையே. அதனால் மொம்பாசாக் கடலில் மீன்கள் நலமா என்று கேட்டுக்கொள்கிறேன். மீன் தின்கிற மாசாய் ஒருவன் உலகத்தில் இருக்கிறான், அவன் என் கூட்டாளி என்று நான் சந்தையில் யாரிடமும் சொல்வதில்லை.

என் கல்யாணத்துக்கு நீ ஒரு பசு கொடுத்தாய். மாடு கொடுத்தவனும் வாங்கியவனும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பேர் சொல்லக் கூடாது, பாகிதெங் என்றே கூப்பிட வேண்டும் என்பதால் நானும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பசு செத்து முப்பது வருஷம் ஆகிறது. பேர் மட்டும் இன்னும் சாகவில்லை. உறையின் மேல் கஞ்சோரி என்று எழுதியதற்கு மட்டும் மன்னித்துக்கொள். பாகிதெங் என்று எழுதினால் தபால்காரன் எந்த வீட்டைத் தேடுவான்?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குப் பல காரணம். பேனாவில் மை இல்லை. பிறகு பேனாவே இல்லை. பிறகு பழுப்புப் பசு கன்று போட்டது, அதோடு நான்கு நாள் போனது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. மழை இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி, உட்காரவில்லை. இதெல்லாம் பொய்க் காரணம் என்று உனக்குத் தெரியும். நிஜக் காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் புகுந்து சிரிப்பாய். காகிதத்தில் நான் மட்டும்தான் பேசலாம். எழுத்து கோணலாக இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு ஓடி வந்தவன், நீ ஐந்தாம் வகுப்போடு ஓடியவன். இரண்டு வகுப்பு கூடப் படித்த திமிரோடு திருத்திப் படித்துக்கொள்.

அம்போசேலி சரணாலயத்துக்குள் போன அந்த நாளிலிருந்து எனக்கு உன்மேல் கோபம். எழுதிவிட்டேன். இந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாதே. ஒரே பருவத்தில் சுன்னத்துக் கத்திக்கு உட்கார்ந்தவர்கள் நாம். தனியாகப் பால் குடித்ததில்லை, தனியாக இறைச்சி தின்றதில்லை. கூட்டாளிமேல் பொறாமை என்று பெரியவர்கள் காதில் விழுந்தால் மரத்தடிக்கு இழுத்து வைத்து ஒரு காளை அபராதம் போடுவார்கள். எனக்கு இருப்பதே மூன்று காளை.

பல வருஷம் கழித்து வந்தவன் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம். மேல்கூரை திறக்கிற கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, "வாங்க ரெண்டு பேரும், யானை பாக்கப் போலாம்" என்றாய். நான் யானை பார்க்காதவனா? நாம் மாடு மேய்த்த சதுப்பு நிலம் அது. யானை ஒரு பக்கம் தண்ணீர் குடிக்க, நாம் ஒரு பக்கம் குடித்தோம். அதற்கு இப்போது கேட், கேட்டுக்கு ஒரு சீட்டு. ஆனால் என் பெண்டாட்டி சியானோய் என்னைக் கேட்காமலேயே எழுந்து நீல மணிமாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மாலையை அவள் என்னோடு வருவதற்குப் போட்டு நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அங்கே ஆரம்பித்தது.

கேட்டில் சீட்டுக் கொடுக்கிற பையன் பார்தோயிப்பின் மகன். காக்கிச் சட்டை போட்டாலும் மரியாதை மறக்காதவன். அவள் முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றான், நம் வழக்கப்படி அவள் கை வைப்பாள் என்று. இவள் கம்பம் மாதிரி நின்றாள். பையன் குனிந்தபடியே இருக்கிறான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "என்னடி, கார்ல வந்ததும் ராணி ஆயிட்டியா? பிள்ள தலை காத்துக்கிட்டு நிக்குது" என்றேன். டிரைவர் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, மெதுவாகக் கொண்டுபோய்ப் பையன் தலையில் வைத்தாய். வைத்த பிறகும் உடனே விடவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பசுவிடம் நான்கு பீய்ச்சு கறக்கிற நேரம் ஆயிற்று.

காரில் மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நீ, இந்த ஜன்னலில் நான். யார் அப்படி உட்கார வைத்தது? வழியெல்லாம் நீ அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். "இதோ ரெண்டு நெருப்புக்கோழி, ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, ஆண் பின்னாடி நடக்குது." "இதோ வரிக்குதிரை, குட்டி பால் குடிக்குது." அவளுக்குக் கண் இல்லையா, இவன் என்ன ரேடியோவா என்று பல்லைக் கடித்தேன். எழுதும்போதே கை சுடுகிறது. ஆனாலும் அன்று நினைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

குன்றின் மேல் ஏறினோமே, அங்கே படிக்கட்டில் நீ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். காதருகே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினாய். பின்னால் நான், உங்கள் இரண்டு பேர் செருப்பின் புழுதியைத் தின்றுகொண்டு. மேலே போய் டீ ஊற்றி, கப்பின் காதை அவள் கைப்பக்கம் திருப்பிக் கொடுத்தாய். நாற்பது வருஷத்தில் நான் அவளுக்கு எந்தக் கப்பின் காதையும் திருப்பியதில்லை. என் டீயை நானே ஊற்றிக்கொண்டேன்.

நாலு மணி வாக்கில் மேகம் விலகியது. டிரைவர் காரை நிறுத்தி, "அம்மா, மலை தொறந்துடுச்சு பாருங்க" என்றான். வெள்ளை மலை உச்சி முதல் அடி வரை தெரிந்தது, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி. மலை அவள் ஜன்னல் பக்கம். சியானோய் உன் பக்கம் திரும்பி, உன் முகத்துக்கு நேராக, "ஆமா, இன்னிக்கு நல்லாத் தெரியுது, எவ்வளவு அழகு" என்றாள். கிளிமஞ்சாரோவை விட்டுவிட்டு உன் வழுக்கைத் தலையை அழகு என்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அது ஜெயித்தவன் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

யானைகளும் உன் கட்சிதான். சதுப்பிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சாலையைக் கடந்தனவே, நாம் ஒன்றும் பார்ப்பதற்கு முன்னால் அவள்தான், "கூட்டம் வருது, இந்த மழைக்குப் பொறந்த குட்டி ஒண்ணு இருக்கு, கால இழுத்து நடக்குது" என்றாள். அப்படியே வந்தது. என் பக்கம் வந்த கிழட்டு யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்து, காதை விரித்துக்கொண்டு பின்வாங்கிற்று. "பெரியவரே, அந்தச் சிவப்புத் துணிய எடுத்து சீட்டுக்கடியில வையுங்க. யானைக்கு மாசாய்னா ஈட்டி ஞாபகம்" என்றான் டிரைவர். நான் போர்வையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, மேலே பனியனோடு உட்கார்ந்திருந்தேன். அதே யானை சுற்றிக்கொண்டு உங்கள் ஜன்னல் பக்கம் போய், சோப்பு வாசனைக்காரன் பக்கத்தில் நின்று நிதானமாகப் புல் பிடுங்கித் தின்றது. சியானோய் சிரித்தாள். பனியனைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

நீ போன பிறகு இரண்டு நாள் அவளோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொன்னேன். "ஆடே, இந்த வீட்டுல யாராவது எனக்குக் கஞ்சி ஊத்துவாங்களா?" என்று கேட்பேன். அவள் ஆட்டுக்குப் பதில் சொல்லிக் கஞ்சி ஊற்றுவாள்.

பிறகு உன் கடிதம் வந்தது. வெயிலில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அவள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, கேட்டிலேயே தெரிந்துவிட்டது, மலை எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். மொம்பாசாவில் ஒரு டாக்டர் இருக்கிறார், எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், இன்னும் தள்ளிப்போட்டால் டாக்டராலும் முடியாது, இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பு என்று எழுதியிருந்தாய்.

நான் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் தண்ணீர்க் குடத்தோடு வருகிற வழியில், சத்தமில்லாமல் போய் நின்றேன். நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, குரங்கு மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டேன். அவள் நேராக வந்தாள். ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள். "குளிக்காம வந்து வழியில நிக்காத" என்றாள். வாசனையில் கண்டுபிடித்திருக்கிறாள். என் நாக்கு இன்னும் வெளியேதான் நீண்டிருந்தது. அதை உள்ளே இழுக்க எனக்குத் தோன்றவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டு மழைக்காலமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்ப. செருப்ப மாத்தி வைப்ப, கன்னுக்குட்டிய கொண்டாந்து இதான் உன் பேத்தின்னு கையில கொடுப்ப. உனக்கு எல்லாமே வெளையாட்டுதானே, நஷிபாயி அப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சமையல் விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவன்கிட்ட மட்டும் சொன்னியே" என்றேன்.

"நான் சொல்லல. அவரு கேட்டாரு."

"படிக்கட்டுல காதுல என்ன சொன்னான்?"

"படி, படி, இப்ப கல்லு, இப்ப படின்னு சொன்னாரு. இந்த வயசுல வேற என்ன சொல்லுவாரு?"

பாகிதெங், நீ என் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு காளை அபராதம் கட்டிவிட்டு உன்னை நாலு திட்டு திட்டியிருப்பேன். நாற்பது வருஷம் கூடவே இருக்கிற நான் இரண்டு மழையாகப் பார்க்காததை, நீ கேட்டில் நான்கு பீய்ச்சு கறக்கிற நேரத்தில் பார்த்துவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது மூன்று வாரத்துக்கு நிஜக் காரணம். அவள் கடைசியாக என்னை நன்றாகப் பார்த்தது இரண்டு மழைக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் கொம்பன் மாடு உதைத்து என் முன்பல் நாலும் போனது. கன்னம் ஒட்டிவிட்டது. கழுத்தில் தோல் வான்கோழி மாதிரி தொங்குகிறது. அவள் மனசில் பல்லோடு ஒரு மெபுகோரி இருக்கிறான். நீயோ, வழுக்கை இருந்தாலும், முப்பத்திரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு மொம்பாசாவில் உட்கார்ந்திருக்கிறாய். கண் திறந்ததும் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே ஒரு கிழவியைக் குருட்டிலேயே மூன்று வாரம் உட்கார வைத்தேன். யாரிடமும் காட்டாதே என்று மேலே எழுதியது இதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்புக் கல்லில் கை வைத்துவிட்டாள். பெரிய காயம் இல்லை, கொப்புளம். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் மறைத்தாள், நான் கேலி செய்வேன் என்று. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மகள் நஷிபாயி அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். பஸ் நிறுத்தத்தில் நின்று கூட்டிக்கொண்டு போ. மீன் போடாதே, வாசனைக்கே வயிற்றைப் புரட்டும். டீயில் பால் கூடுதலாக ஊற்று. அறுவையின்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நீயே பிடித்துக்கொள், நான் எண்ண மாட்டேன். மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள், அது முடிந்ததும் தம்பி மகனிடம் மந்தையை விட்டுவிட்டு, நான் புதன்கிழமை காலை பஸ் ஏறிவிடுவேன்.

டாக்டர் என்ன அவசரப்படுத்தினாலும், நான் வருகிற வரை கண்கட்டை அவிழ்க்க விடாதே. ஏதாவது பேசி நிறுத்தி வை, உனக்குப் பேசத் தெரியும். அவிழ்க்கும்போது நீ அந்த அறையில் இருக்க வேண்டாம், வெளியே போய் நில். அவள் முதலில் என்னைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்றால் உன்னை உள்ளே கூப்பிடுகிறேன். சிரிக்கவில்லை என்றாலும் கூப்பிடுகிறேன், உடனே ஓடி வா, எனக்கு அப்போது என்ன சொல்வதென்று தெரியாது.

கடவுள் உன் வீட்டுக்கு மழையும் உன் வயிற்றுக்கு நல்ல சாப்பாடும் தரட்டும். உன் கை பிடித்தது எதுவும் நழுவாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாகிதெங்,
மெபுகோரி.