நூர்நிஷாவுக்கு நேரே எழுதியது

1953 ஜூன் 22, திங்கள்

குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து ஓடு வழக்கம்போல ஒழுகுகிறது. இன்று முதல் எங்களுக்கும் அந்தப் புதுத் திட்டம். பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழக வேண்டுமாம். தென்காசி டவுன் பள்ளிக்கூடங்களுக்கு இது கிடையாது. எங்களை மாதிரி கிராமத்துக்குத்தான். திட்டம் போட்டவர் வீட்டுப் பிள்ளை மத்தியானத்துக்கு மேல் என்ன தொழில் பழகுகிறதோ!

ஜூன் 25

மணி அடித்த பிறகும் நாலாம் வகுப்பு நூர்நிஷா போகவில்லை. தறிக்கார ஹபீபுல்லாவின் மகள். "டீச்சர், அந்தப் பீரோவத் திறங்களேன், ஒரே ஒரு புஸ்தகம்" என்று நின்றாள்.

எங்கள் நூலகம் என்பது அந்த ஒரு பீரோதான். சாவி ஹெட்மாஸ்டர் சங்கரபாண்டி சாரின் இடுப்பில். கேட்டேன். "கிழிஞ்சா நீங்க பதில் சொல்லுவியளா டீச்சர்? நீங்களே டெம்பரரி" என்றார். அதை நினைவுபடுத்தாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

ஜூலை 1

சாவி கிடைத்துவிட்டது! "சார், கைத்தொழில்னு வச்சுக்கிடுவோம். கிழிஞ்ச புஸ்தகத்துக்குப் பைண்டிங் போடட்டும், அட்டை ஒட்டட்டும். திட்டத்துல காட்டிக்கிடலாம்லா" என்றேன். உடனே முகம் மலர்ந்தது மனுஷனுக்கு.

ஒரு நோட்டும் கொடுத்தார். பிள்ளை பெயர், தகப்பன் தொழில், பழகும் தொழில் என்று மூன்று கட்டம். கடைசி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். சொரிமுத்து – மண்பாண்டம். நூர்நிஷா – நெசவு. முப்பத்திரண்டு பேருக்கும் என் கையாலேயே எழுதினேன். எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது? பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைத்ததே.

ஜூலை 14

பிள்ளைகள் முதலில் ஒரு கதை வாசிக்க வேண்டும். பிறகு அதில் வருவதைச் செய்ய வேண்டும். களிமண், பழைய காலண்டர், மைதாப் பசை. சாரலில் பசை காய்வேனா என்கிறது. அறை முழுக்கக் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். குயவர் மகன் சொரிமுத்துவுக்குக் களிமண் சுட்டுப்போட்டாலும் வரவில்லை; கத்தரிக்கோலைக் கொடுத்தால் விடுவதில்லை.

நூர்நிஷா ஒரு புத்தகமே செய்துவிட்டாள். மளிகைக் கடைக் காகிதத்தை மடித்து, வாப்பா தறியில் மிஞ்சிய நூலால் தைத்து, பதினோரு பக்கம் சொந்தமாகக் கதை. ஒரு ஆடு குற்றாலத்தில் குளிக்கப் போகிறது. குளித்ததும் அதற்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. கறிக்கடைக்காரரோடு திரும்பி வர மறுக்கிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஒன்பது வயது!

ஜூலை 23

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். சாரல் சமயத்தில்தான் இவர்களுக்கு எங்கள் ஞாபகம் வரும். அருவியில் குளித்த தலை காயாமலே வந்து உட்கார்ந்தார். நூர்நிஷாவின் புத்தகத்தைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. தையலை மட்டும் இழுத்துப் பார்த்தார். "நெசவாளி பொண்ணா? அதான். ரத்தத்துல ஊறினது." மாதிரிக்கு என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"சார் கத வாசிக்கலியே டீச்சர்?" என்றாள் நூர்நிஷா.

"ஊருக்குப் போயி வாசிப்பாரு" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 8

பெற்றோர் கூட்டம். இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பை ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று வாசித்தார். 'நெசவாளர் மகள் நூர்நிஷா நெசவில் நல்ல தேர்ச்சி.' ஹபீபுல்லா பின்வரிசையில் இருந்தார். கூட்டம் முடியுமுன் எழுந்து போனார்.

ஆகஸ்ட் 10

எழுதவே கை வரவில்லை.

காலையில் ஹபீபுல்லா வந்தார். சத்தம் போடவில்லை. "எம்மவ பேருக்கு நேர என்ன எழுதியிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிங்க" என்றார். ஹெட்மாஸ்டர் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாசித்தேன். நெசவு.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"தறியில குந்த வைக்க எனக்குத் தெரியாதா டீச்சர்? அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நாலு எழுத்துப் படிக்கட்டும்னுதான இங்கன அனுப்புனேன்? நீங்களும் அவளத் தறிக்கே தள்ளுதிய."

அய்யோ, அது பொய்க்கணக்கு, உம்ம மக வாசிக்கத்தான் செய்தா, கதையே எழுதியிருக்கா... தொண்டை வரை வந்தது. ஹெட்மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் பொய் எழுதினேன் என்று என் வாயால் சொன்னால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டில் என் சம்பளத்தை விட்டால் வேறு நாதி இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா மூதி? சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?

ஆகஸ்ட் 11

வரவில்லை.

ஆகஸ்ட் 24

வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் கட்டாயம்.

1954 மே 22, சனி

திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பேப்பரில் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. தூ! ஒன்பது மாதம் எத்தனையோ 'அடுத்த வாரம்'.

ஹபீபுல்லா வீட்டுக்குப் போனேன். நூர்நிஷா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள், கை நிற்கவில்லை. அவள் உம்மா சுல்தான் பீவி பாய் விரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுதியது பொய் என்பதையும், மகள் எழுதிய கதையையும், நான் வாயைத் திறக்காததையும்.

ஹபீபுல்லா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே டீச்சர்."

"ஜூன்ல அனுப்புங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"கோவத்துல ஒரு மாசம் வீட்டுல வச்சிருப்போம்னுதான் நெனச்சேன். சும்மா இருக்காளேன்னு நூல் சுத்தப் போட்டோம். அத நம்பி ரெண்டாவது தறியும் வாங்கியாச்சு. இப்ப அவ இல்லன்னா ரெண்டும் ஓடாது."

நூர்நிஷா அறுந்த நூலை முடிந்துவிட்டு மறுபடி ராட்டையைச் சுற்றினாள். சுல்தான் பீவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, திங்கள்

என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்திருக்கிறது. போன வருஷம் இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பைக் காட்டி ஹெட்மாஸ்டர்தான் பேசினாராம். 'கைத்தொழில் பயிற்சியில் காட்டிய ஊக்கத்தைக் கருதி' என்று இருக்கிறது. "இனிமே யாருக்கும் பயப்படாண்டாம் டீச்சர்" என்று சிரித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

போட்டேன்.