பற்றறிகள் காத்திருக்கும் பஸ் தரிப்பிடம்

1999 மார்ச் 9
பொகவந்தலாவைப் பக்கம் முழுவதும் மழை. நூலகத்துக்கு இரண்டு வாசகர்கள் வந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். மற்றவர் அவரைத் தேடி வந்தவர்.

பிற்பகல் அழகம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர். தலையில் பற்றறியோடு பசாருக்கு இறங்கும்போது வழுக்கி, அசிட் தோளில் கொட்டிவிட்டது.

லயங்களுக்கு மின்சாரம் இல்லை. துரை பங்களாவுக்குப் போகும் கம்பி லயத்துக் கூரைகளுக்கு மேலால் போகிறது, காகங்கள் பயனடைகின்றன. ஆகவே வீட்டுக்கொரு கார் பற்றறி. அதில் ஒரு விளக்கு, வசதியிருந்தால் ஒரு டீவி. சார்ஜ் இறங்கினால், திரும்ப ஏற்றத் தலைச்சுமையாகப் பசார்க் கடைக்கு.

மார்ச் 16
பிரதேச சபைக் கூட்டம். குறிப்பெடுக்க ஆளில்லாத நாட்களில் சபைக்கு நூலகரின் ஞாபகம் வரும்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் மரியநாயகி, சில பெண்களோடு வந்து நின்றார்.

"எங்க லயத்துகிட்டயே பெட்டரி சார்ஜ் பண்ண ஒரு எடம் கட்டித் தாங்க. வேலைக்கு நாங்க ஆள் தர்றோம்."

தவிசாளர் டக்ளஸ் நெற்றியைத் தடவினார். "அக்கா, தோட்டத்துக் காணில சபை ஒரு கல்லு வைக்கவும் சட்டம் வுடாது. எனக்கு வோட்டுப் போட்டது பூரா தோட்டம். நான் வேல செய்யக்கூடியது ரோட்டுல மட்டும்."

"அப்ப அடுத்த தடவ ரோட்டுகிட்டயே வோட்டுக் கேளுங்க."

நான் பேனையை வைத்துவிட்டு என் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னேன். "றோட்டோரம் பஸ் தரிப்பிடம் கட்டலாம்தானே. சனத்துக்குப் பதிலா பற்றறியள் காத்திருக்கட்டும்."

சொன்னது கிண்டல். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேற்றிவிட்டார்கள். அந்த வீதியில் பஸ் ஓடுவதில்லை என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாததை நானும் எழுதவில்லை.

ஏப்ரல் 27
சிரமதானம். கல்லையும் மணலையும் லயத்து ஆட்கள் சுமந்தார்கள். சபை உறுப்பினர்கள் மேற்பார்வையைச் சுமந்தார்கள்.

மே 20
தரிப்பிடத்தில் விளக்கு எரிய மின்சாரம் கேட்டிருந்தோம். பார்க்க வந்த மின்சார சபைக்காரர் நியாயமான மனிதர். "பஸ் வராத இடத்தில் விளக்கு எதற்கு?" என்று கேட்டார்.

பஸ் வராததை மக்கள் தெளிவாகப் பார்க்க வேண்டாமா என்றேன்.

கையெழுத்து வைத்தார்.

ஜூன் 14
திறந்தாயிற்று. விளக்குக்கு வந்த மின்சாரத்தில் சார்ஜ் ஏறியபடி, வாங்குப் பலகையில் பற்றறிகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. மனிதர்கள் வெளியே மழையில் நிற்கிறார்கள். மரியநாயகி தலைமையில் ஒரு கமிட்டி. முறை தப்பினால் தவிசாளராக இருந்தாலும் ஏச்சு.

அழகம்மாவும் வந்தார். புண் ஆறிவிட்டது, கூடை உரசும் இடத்தில் தோல் இழுக்கிறதாம். லயத்திலிருந்து தரிப்பிடம் கூப்பிடு தூரம். பற்றறியை அவரும் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சீமந்தம் முடிந்த மருமகளைக் கூட்டி வருவதுபோல மெதுவாகக் கொண்டுவந்தார்கள்.

ஆகஸ்ட் 3
கணக்காய்வு அதிகாரி வந்தார். தரிப்பிடத்தைச் சுற்றி நடந்தார். "பயணிகள் எங்கே?"

மரியநாயகி வாங்கைக் காட்டினார். "இந்தா குந்தியிருக்காங்களே சேர். பொழுது சாஞ்சா அவங்கவங்க வூட்டுக்குப் போயிருவாங்க."

அவருக்கும் சிரிப்பு வரவில்லை. பஸ் ஓடாத வீதியில் பஸ் தரிப்பிடம் வீண் செலவு என்றார். மாத முடிவுக்குள் பஸ் ஓட வேண்டும். இல்லையென்றால் கட்டடத்தை அகற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 4
என்ன கோதாரிக்கு நான் வாயைத் திறந்தனான்? ஒரு பகிடி - அதைக் கட்டடமாக் கட்டிப்போட்டாங்கள். இனி இடிச்சா, அந்தப் பொம்பிளையள் திரும்பவும் அசிட்டைத் தலையில தூக்கோணுமோ?

நித்திரை இல்லை.

ஆகஸ்ட் 12
பசாரில் ஒரு பழைய பஸ் வைத்திருக்கும் வீரய்யாவிடம் போனோம். தவிசாளர், மரியநாயகி, நான்.

"அந்த ரோட்டுல யாரு ஏறுவா? கொழுந்தா ஏறும்?" என்றார் வீரய்யா.

தவிசாளர் அபிவிருத்தி பற்றிப் பேசினார். நான் பொதுநலம் பற்றிப் பேசினேன். வீரய்யா கொட்டாவி விட்டார்.

"அண்ணே, ஒங்க பஸ்ஸுக்கும் பெட்டரி இருக்குல்ல?" என்று கேட்டார் மரியநாயகி. "எங்க ரோட்டுல ஓட்டுங்க. அத சும்மாவே சார்ஜ் பண்ணித் தர்றோம்."

வீரய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பஸ்ஸைக் காலையில் பயணிகள் இறங்கித் தள்ளித்தான் கிளப்புவது வழக்கம். இந்த ஊரில் நடைமுறையிலிருக்கும் ஒரே மக்கள் பங்களிப்புத் திட்டம் அதுதான் என்று நான் நினைத்ததுண்டு.

"மொதல்ல சார்ஜ். அப்புறந்தான் ஓட்டம்" என்றார்.

ஆகஸ்ட் 21
வாங்கில் இன்று பஸ்ஸின் பற்றறியும் அமர்ந்திருந்தது. கமிட்டி அதற்கும் முறை வைத்துத்தான் விட்டது.

ஆகஸ்ட் 30
காலையில் பஸ் வந்தது. தள்ளாமல் வந்தது. அதிகாரிக்கு அறிவித்தாயிற்று, தரிப்பிடம் இனித் தரிப்பிடம்.

நானும் ஏறிப் பார்த்தேன். சாமான் வாங்கப் பசாருக்குப் போக அழகம்மா ஏறினார். ஆசனங்கள் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

"இருங்கோவன்" என்றேன்.

"இல்லீங்க ஐயா. பசாருக்கு வெறுங்கையா போனதே இல்லீங்க. ஒக்காந்தா கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

பசார் வரும்வரை கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.