பீரோவில் காணாமல் போன பாஸ்போர்ட்டுகள்

நவம்பர் 20, வியாழன்

நாளை விடியற்காலையில் காரிலேயே எல்லை தாண்டி ஓமன் போய், படகில் டால்பின் காட்டிவிட்டு, இரவே ஷார்ஜா திரும்புவது என் ரகசியத் திட்டம். ஏழைக்கேற்ற வெளிநாட்டுப் பயணம். அதற்காகத்தான் பீரோவிலிருந்து மனைவி, மகள் பாஸ்போர்ட்டுகளைத் திருட்டுத்தனமாக எடுத்தேன். பெரிய துப்பறிவாளன் என்று நினைப்பு.

டூட்டி முடிந்து வந்தால் வசந்தி அழுது முகம் வீங்கி நிற்கிறாள்.

"வேலை போயிடுச்சா? எங்களை ஊருக்கு அனுப்பத்தானே பாஸ்போர்ட்டை எடுத்தீங்க?"

போன மாதம் மாடி வீட்டுக்காரர் குடும்பத்தை அனுப்பியதும் இப்படித்தான் தொடங்கியது.

டால்பின் திட்டத்தைச் சொன்னேன். "அட லூசு மனுஷா!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மகள் "ரியலி, அப்பா?" என்று குதித்தாள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வேலையில் இருக்கும்வரை என் பாஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கும். கேட்டால் மேனேஜர் எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று குடைந்தெடுப்பார். இன்று ஒன்றுமே கேட்கவில்லை. "நீயே வெச்சுக்கோப்பா, திருப்பித் தர வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சமையலறையில் வசந்தி பாடிக்கொண்டே புளிக்காய்ச்சல் கிளறுகிறாள். இப்போது போய் இதை எப்படிச் சொல்வது?