ஜெனியைக் கூட்டிவர ஒரு கம்ப்ரசர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. பந்தலில் திராட்சைக் கொடியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மருந்து அடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாயிற்று.

ஸ்டெல்லா காபியோடு விஷயத்தையும் வைத்துவிட்டுப் போனாள். ஜெனிக்கு ஏழாம் மாதம் முடிகிறது. தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். மேகமலைக்குப் போய் நான்தான் கூட்டிவர வேண்டும். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் முருகனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு போனதிலிருந்து மகளும் நானும் பேசுவதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவும் மகளும் போனில் பேசுவார்கள். நான் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வேன்.

பஸ்ஸில் வரட்டுமே என்றேன். உடம்பு அலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

ஜூலை 9, புதன்

யோசித்ததில் ஒரு சிக்கல். அவர்கள் இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து தார் ரோடு வரை வெறும் கல்பாதை. டயரில் பாதிக் காற்றை இறக்கினால்தான் ஜீப் மெத்தென்று போகும். ஆனால் அதே டயரோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றியாக வேண்டும். அந்தக் காட்டில் காற்றுக்கடைக்கு எங்கே போவது? கையோடு ஒரு கம்ப்ரசர் வேண்டும்.

தேனி போனேன். பார்த்தது:

சின்னது. லைட்டர் சாக்கெட்டில் செருகுவது. கைக்கு அடக்கம். ஒரு டயருக்குப் பத்து நிமிஷம். இரண்டு முடிந்ததும் சூடு ஆறவிட வேண்டும்.

பெரியது. இரட்டை சிலிண்டர். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவது. மூன்று நிமிஷத்தில் ஒரு டயர். நல்ல கனம். சத்தம் ரைஸ்மில் மாதிரி.

கடைக்காரர் சின்னதே போதும் என்றார். ஸ்கூட்டர் டயரில் அடித்துக் காட்டினார். ஸ்கூட்டர் டயரில் யார்தான் அடிக்க மாட்டார்கள்? வாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கம்பம். அங்கேயும் அதே இரண்டு சாமான், வேறு வேறு கலர். ஓஸ் பின் சக்கரம் வரை எட்டுமா, மீட்டர் சரியாகக் காட்டுமா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். கடைப் பெண்ணுக்குக் கொட்டாவி. வெறும் கையோடு வந்தேன். வழியெல்லாம் எதிர்க்காற்று.

சாப்பாடு போடும்போது ஸ்டெல்லா: "நீங்க காத்தடிக்கிற மிஷினைத் தேடல. போகாம இருக்க வழி தேடுறீக."

கோபம் வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்றேன். உப்பு இருந்தது.

ஜூலை 12, சனி

பெரியதை வாங்கிவிட்டேன். காரணம் கேட்டால் டயர் சைஸ், சூடு என்று ஏதாவது சொல்லலாம். உண்மை வேறு. சின்னது என்றால் முக்கால் மணி நேரம் ரோட்டோரத்தில் அவளோடு நிற்க வேண்டும். என்னால் முடியாது. என்ன பேசுவது?

வாசலில் வைத்துச் சோதனை. நான்கு டயருக்கும் இறக்கி ஏற்றி, திருப்தியாகாமல் மறுபடி இறக்கி ஏற்றி. இன்ஜினை ஓடவிட மறந்து போனேன். பேட்டரி காலி. கவாத்துக்கு வந்தவர்கள் வெட்டுக் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பைத் தள்ளினார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளியதும் தெரிந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியவில்லை. நாளைக்குப் போகிறேன். சட்டை ஸ்டெல்லா எடுத்து வைத்தாள். நான் வேறு எடுத்தேன். பிறகு அவள் எடுத்ததையே போட்டுப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

சின்னமனூர் தாண்டி, செக்போஸ்ட் திறந்ததும் ஏறினேன். மேலே சாரல். கல்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை இறக்கினேன்.

லைன் வீடு. முருகன் பையைத் தூக்கி வைத்தான். சீட்டில் போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்தான். "மாமா, ஞாயித்துக்கெழம வாரேன்" என்றான். ம் என்றேன். ஜெனி முன்சீட்டில் ஏறினாள். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறாள்.

கல்பாதை முழுக்க ஃபர்ஸ்ட் கியர்.

தார் ரோடு. இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கிக் கிளிப்பை மாட்டினேன். முதல் டயர். அவள் உள்ளேயே இருந்தாள். இரண்டாவதுக்குக் குடையோடு இறங்கி வந்தாள். என் தலைக்கு மேல் பிடித்தாள். ஈரத்தில் ஏன் இறங்கினாய் என்று கேட்க வாயெடுத்து, ஓஸை இழுத்து மாட்டினேன்.

மூன்றாவது டயரில், மிஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி:

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ரொம்ப நேரம் நின்னோம்ப்பா. ஜீப் சத்தம் கேட்டா நீங்கதான்னு எட்டி எட்டிப் பாத்தேன்."

மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியும்மா" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது.

நான்காவதில் அவள் நிற்காமல் பேசினாள். லைன் பக்கம் யானை வந்தது, பிள்ளை உதைப்பது, முருகன் சமையல் கற்றுக்கொண்டு ரசத்தைக் கெடுத்தது. மீட்டர் முப்பது காட்டியது. சனியன் பிடித்த மிஷின், அதற்குள் முடித்துவிட்டது. ரசக் கதை பாதியில் நிற்கிறது.

முதல் டயரில் காற்று கம்மியாகத் தெரிகிறது என்று சொல்லி அங்கே போய்க் குனிந்தேன். குடையும் கூடவே வந்தது. வால்வை அழுத்தி, பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, மறுபடி ஓஸை மாட்டினேன்.